திண்ணையில் அடுக்கிய குண்டுகள்

மூடியை வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படப் போகாத ஒரு தப்பைத் திருத்துவதற்காகப் பதினோரு நாள் செலவழித்தேன். எழுதி முடிக்க வேண்டிய ஒரு நாவலின் ஆறாவது அத்தியாயம் அந்தப் பதினோரு நாளும் மேஜையின் மறு ஓரத்தில் காற்றுக்குப் படபடத்துக்கொண்டு கிடந்தது. அதற்காக இப்போது வருத்தப்படவில்லை. ஆனால் அது தப்புத்தானா, தப்பு என்றால் யாருக்குச் செய்த தப்பு என்ற கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை.

விஷயம் ஒரு பொம்மை டாங்கி. பொம்மை என்று சொன்னால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கோபம் வரும். மாதிரி என்று சொல்ல வேண்டும். நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக்கி, அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கினவன் துண்டுகளை நறுக்கி, அரத்தால் ராவி, ஒட்டி, வர்ணம் தீட்ட வேண்டும். 175 சென்டிமீட்டர் உயர மனிதன் இந்தக் கணக்கில் 5 சென்டிமீட்டர் ஆகிறான். ஷெர்மன் டாங்கியின் 75 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு, குச்சி ஊதுவத்தியை இரண்டு சென்டிமீட்டருக்கு நறுக்கி வைத்தது போல் இருக்கும்.

முப்பத்தைந்து என்ற இந்த எண் வந்த கதை வேடிக்கையானது. ஜப்பானில் ஷிஜுவோகா என்ற ஊரில் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா கம்பெனி, 1961-ல் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கிக்கு ஒரு மாதிரி போட்டது. மோட்டார் வைத்து ஓடுகிற மாதிரி. உள்ளே இரண்டு பாட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக உடம்பின் அகலத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அளந்து பார்த்தால் அது நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்ததாம். கம்பெனியை உலகறியச் செய்த ஷுன்சாகு தமியாவே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டரிக் கணக்குத்தான் பிற்பாடு உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகளுக்குச் சாஸ்திரமாகிவிட்டது.

ஆகவே ஆதியில் டாங்கியின் உட்புறம் என்பது பாட்டரியும் மோட்டாரும் குடியிருந்த இடம். வெளியே ஆணி, திருகு, சங்கிலிக் கண்ணி எல்லாம் கச்சிதம். உள்ளே இரண்டு பாட்டரி. மோட்டார் வைக்கும் வழக்கம் குறைந்த பிறகும் அடித்தட்டில் அதற்கு விட்ட ஓட்டைகள் பல பெட்டிகளில் வெகு காலம் நீடித்தன. இன்னொரு குறையும் இருந்தது. டாங்கியின் சக்கரப் பட்டைகளுக்கு மேலே, இரண்டு பக்கமும் உடம்பு திண்ணை மாதிரி வெளியே நீண்டிருக்கும். பழைய மாதிரிகள் பலவற்றில் அந்தத் திண்ணைக்கு அடித்தட்டே கிடையாது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருட்டுத்தான் தெரியும். யார் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் திண்ணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதைச் சுற்றித்தான் வரப் போகிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. உட்புறம் முழுவதையும் கொடுக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. உக்ரைன் நாட்டு மினிஆர்ட் கம்பெனி, சோவியத் டி-54 டாங்கியையும் டி-34 டாங்கியையும் எஞ்சின், இருக்கை, குண்டு அடுக்கும் தட்டு எல்லாவற்றோடும் போட்டிருக்கிறது. ஜெர்மானியரின் டைகருக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் மேல்தகடு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், போட்ட பிரயாசை வெளியே தெரியட்டும் என்று. அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கண்ணாடி டாங்கியைப் பார்த்தால் வைத்தியக் கல்லூரியில் நிற்கும் எலும்புக்கூட்டின் ஞாபகம்தான் வருகிறது.

நான் வாங்கியது இப்படி உட்புறமும் உள்ள ஒரு ஷெர்மன். யார் செய்தது என்று சொல்வதற்கில்லை. முதலில் மிகவும் சந்தோஷப்பட்டேன். திண்ணைக்கு அடித்தட்டு இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தண்ணீர்ப் பாத்திரம் மாட்டும் வளையம்கூட இருந்தது. இரண்டாவது நாள் ஏதோ இடறியது. இந்த மாதிரியின் வெளிப்புறத்தில், வலப் பக்கம் இரண்டும் இடப் பக்கம் ஒன்றுமாகத் தனித் தகடுகள் ஒட்ட வேண்டும் என்று படத்தில் போட்டிருந்தது. உள்ளேயோ, குண்டுப் பெட்டிகள் தரையோடு தரையாகக் கிடந்தன. திண்ணை காலி.

ஷெர்மனைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன குறை என்று தோன்றும். அமெரிக்கர்கள் ஷெர்மனை முதலில் செய்தபோது பீரங்கிக் குண்டுகளில் ஒரு பெரும் பகுதியை அந்தப் பக்கத் திண்ணைகளில் மெல்லிய பெட்டிகளுக்குள் அடுக்கினார்கள். பன்னிரண்டு குண்டுகளைச் சுழலும் பீரங்கிக் கூண்டைச் சுற்றி, கைக்கு எட்டும்படி, நிற்கவைத்தார்கள். சண்டையில் அவசரத்துக்கு எடுக்க வேண்டுமே. பல வகை ஷெர்மன்களில் மொத்தம் 97 குண்டுகள். எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் திண்ணையின் பக்கச் சுவர் 38 மில்லிமீட்டர் கனம்தான். எதிரியின் குண்டு அதைத் துளைத்து வந்தால் அது வந்து விழுகிற இடம் எது? நூறு குண்டு உள்ள வீட்டில் வெடிமருந்தைத் தெருத் திண்ணையில் வைத்த கதை.

ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் ஷெர்மன்கள் எரிந்தன. பெட்ரோல் எஞ்சின், அதனால்தான் எரிகிறது என்று ஒரு பேச்சு பரவிற்று. ரான்ஸன் என்ற சிகரெட் லைட்டரின் பெயரை ஷெர்மனுக்கு வைத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. பெட்ரோல் என்ற காரணம் கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் டைகரும் பாந்தரும் பெட்ரோலில்தான் ஓடின. டீசலில் ஓடிய டி-34-ம் எரிந்தது. எரிந்தது முக்கியமாக வெடிமருந்து. சூடான இரும்புச் சிதறல் ஒன்று பித்தளைத் தோட்டாவைத் துளைத்தால் போதும். உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். பிறகு ஐந்து பேருக்கு மீந்திருப்பது சில விநாடிகள்.

இதைக் கண்டுகொண்ட அமெரிக்கர்கள் 1943-ல் ஒரு அவசர வைத்தியம் செய்தார்கள். கூண்டைச் சுற்றி நின்ற பன்னிரண்டு குண்டுகளையும் எடுத்தார்கள். திண்ணையில் குண்டுப் பெட்டி இருக்கும் இடங்களுக்கு நேரே, வெளிச்சுவரில் ஓர் அங்குலத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். வலப் பக்கம் இரண்டு பெட்டி, ஆகவே இரண்டு தகடு. இடப் பக்கம் ஒன்று. அந்தத் தகடுகள்தான் நான் ஒட்ட வேண்டியிருந்தவை. பழைய சுவரும் புதுத் தகடும் சேர்ந்து 63 மில்லிமீட்டர். ஜெர்மானியரின் 75 மில்லிமீட்டர் பீரங்கிக்கு அது பெரிய தடை ஒன்றும் இல்லை. ‘சரக்கு இங்கேதான் இருக்கிறது’ என்று எதிரிக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுக் காட்டியது போலவும் ஆயிற்று. 1944 தொடக்கத்திலிருந்து வந்த புதுவகை ஷெர்மன்களில்தான் நிஜமான பரிகாரம் நடந்தது. குண்டுகளைத் திண்ணையிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பெட்டிகளைச் சுற்றி உறையாத மருந்து கலந்த தண்ணீரை நிரப்பினார்கள். அதோடு அந்த வெளித் தகடுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1945-ல் அமெரிக்க ராணுவம் கணக்கெடுத்தது. துளைக்கப்பட்ட பழைய வகையில் நூற்றுக்கு 60 முதல் 80 எரிந்தன. புது வகையில் 10 முதல் 15. தண்ணீரைவிட இடம் மாற்றியதே காப்பாற்றியது என்பது இந்த விஷயம் தெரிந்த பலரின் அபிப்பிராயம்.

இப்போது என் பெட்டிக்கு வருகிறேன். வெளியே திண்ணைக் குண்டுகளுக்கான தகடு. உள்ளே தரையில் தண்ணீர்ப் பெட்டி. அப்படி ஒரு டாங்கி இல்லை. பல வகை ஷெர்மன்களுக்கு ஒரே உட்புற அச்சை வைத்துக்கொண்டு செலவைச் சுருக்கியிருக்கிறார்கள். வியாபாரத்தில் சகஜம். ஆனால் அந்தச் சிக்கனம் என்ன சொல்கிறதென்றால், உள்ளே இருந்தவர்கள் பத்திரமாக இருந்தார்கள் என்று சொல்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்வீட்டு ஆடிட்டர் சாயங்காலங்களில் வருவார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆயிற்று. தரைப் பெட்டிகளை நான் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“என்ன சார், நேற்று ஒட்டினதை இன்றைக்குப் பிய்க்கிறீர்கள்?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“இதற்கு மேலே அந்தக் கூண்டு உட்கார்ந்துவிடும் இல்லையா?”

“உட்கார்ந்துவிடும்.”

“அப்புறம் யாருக்கு சார் தெரியும்?”

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் தயாராக ஒரு பதில் உண்டு. கோபுரத்து உச்சியில், எந்தக் கண்ணும் எட்டாத மூலையில், சிலையின் முதுகையும் சிற்பி ஏன் செதுக்குகிறான் என்று கேட்டால், பகவான் பார்க்கிறார் என்பானாம். அழகான பதில். மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். நானும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. டாங்கி கோயில் இல்லை. மனிதனைக் கொல்லுவதற்காகச் செய்த இரும்புப் பெட்டிக்குள் எந்தப் பகவானை உட்காரவைத்து என் வேலையைப் பார்க்கச் சொல்வது? மேலும், அந்தப் பதிலில் சிற்பியின் பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது; சிலை இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. யாரும் பார்க்காவிட்டாலும் நான் சரியாகச் செய்வேன் என்பதில் பார்க்கப்படவேண்டும் என்ற ஆசைதான் வேஷ்டி மாற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே ஆடிட்டரிடம், “யாருக்கும் தெரியாதுதான்” என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நானும் நாற்பது வருஷம் யாரும் படிக்காத கணக்குகளைச் சரிபார்த்தவன்தான்” என்றார். “ஆனால் எல்லாத் தப்புக்கும் ஒரே பேனாவால் சுழி போடுகிறதில்லை சார். கூட்டலில் தப்பு வரும். நாலணா கூடும், நாலணா குறையும். அது கை தவறினது. இன்னொரு தப்பு உண்டு. கூட்டல் அட்சரசுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு வரியை வேறு தலைப்பிலே எழுதியிருப்பான். பார்த்தால் கணக்கு நிமிர்ந்து நிற்கும். அங்கேதான் பணம் போயிருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். மாதிரி செய்கிறவர்களிடம் இல்லாத ஒரு நிதானம் அந்தப் பேச்சில் இருந்தது. எங்களுக்குத் தப்பு என்றால் எல்லாம் தப்பு. ஒரு திருகு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அதற்கும் புலம்பல். இருக்கையின் தோல் பச்சையா பழுப்பா என்பதற்கும் அதே புலம்பல். டைகரின் உட்புறத்தில் மேல் பாதி தந்த நிறம், கீழ்ப் பாதி செங்காவி. இரண்டும் எந்த உயரத்தில் சந்திக்கின்றன என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டு நட்பை முறித்துக்கொண்டவர்கள் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். அது கூட்டல் தப்பு. நாலணா. திண்ணையில் இருந்த குண்டைத் தரையில் வைத்துக் காட்டுவது அப்படி இல்லை. ஒரு சாவை வேறு தலைப்பில் எழுதுவது.

இன்னும் தெளிவான ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷார் ஷெர்மனில் தங்களுடைய பெரிய 17 பவுண்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். ஃபயர்ஃப்ளை என்று பெயர். பீரங்கியின் பின்பக்கம் கூண்டையே அடைத்துக்கொண்டது. ரேடியோவுக்கு இடமில்லை, கூண்டின் பின்னால் ஒரு கவசப் பெட்டியைப் பற்றவைத்து அதற்குள் தள்ளினார்கள். குண்டோ நீளமானது. அதை எங்கே வைப்பது? ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இயந்திரத் துப்பாக்கி சுடுகிறவனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் குண்டுகளை அடுக்கினார்கள். துப்பாக்கி நீட்டியிருந்த ஓட்டையை இரும்பால் அடைத்தார்கள். ஐந்து பேர் நாலு பேர் ஆனார்கள். ஃபயர்ஃப்ளை மாதிரி ஒன்றுக்குள் அந்த ஐந்தாவது இருக்கையை மறந்துபோய் வைத்துவிட்டால், அந்தத் தப்புக்கு மில்லிமீட்டர் கணக்கு எது? அந்த இடத்தில் ஒரு மனிதனைவிடக் குண்டுகளே உபயோகம் என்று யாரோ ஒருவர் காகிதத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். அந்த மனிதன் பிழைத்தும் இருக்கலாம். எப்படியானாலும் இருக்கை இருந்தால் அந்த முடிவே நடக்கவில்லை என்றாகிறது.

டாங்கியின் வெளிப்புறம் எதிரிக்காகச் செய்தது. அதில் எவ்வளவு கனம், எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் எதிரியோடு நடந்த வாதம். உட்புறம் சொந்த ஆட்களோடு நடந்த வாதம். யார் எங்கே உட்காருவது, யாருக்கு ஜன்னல், யாருக்குக் கதவு, யார் காலடியில் வெடிமருந்து. டி-34-ல் குண்டுகள் தரைப் பெட்டிகளில். மேலே ரப்பர் விரிப்பு. குண்டு திணிப்பவன் அதன் மேல் நின்றான். எட்டுகிற குண்டுகள் தீர்ந்ததும், நிற்கிற தரையையே உரித்து எடுத்து வேலை செய்தான். பழைய ஷெர்மன் கூண்டுக்குள் மூன்று பேர். மேலே வெளியேற ஒரே வழி, அது தளபதியின் தலைக்கு மேலே வலப் பக்கம். குண்டு திணிப்பவன் இடப் பக்கம். நடுவில் பீரங்கி. அவனுக்கென்று தனியாக ஒரு மூடி வைக்க 1943-ன் பிற்பகுதி வரை ஆயிற்று. இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியாக வரும். மாதிரிக்குள் அளவோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கை நீளம் என்பது எவ்வளவு தூரம் என்று தெரிகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு நான் என் கட்சியையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. திண்ணைப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் பட்டையில் நானே செய்தேன். குண்டுகளைப் பித்தளை நிறம் பூசி ஒவ்வொன்றாக இடுக்கியால் நுழைத்தேன். ஏழாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு, வலப் பக்கப் பெட்டியில் வரிசை நேராக வந்துவிட்டது என்று கண்டு எனக்கு உண்டான ஆனந்தம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஒரு குண்டு துளைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் அதை அறுத்துச் செய்யத் தொடங்கினேன். செய்துகொண்டிருக்கும்போது அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. வரிசை, நேர், நிறம், அவ்வளவுதான் மனசில் இருந்தது. துல்லியம் என்பது பார்ப்பதற்கு ஒரு வழி. பார்க்காமல் இருப்பதற்கும் அது நல்ல வழி. துக்க வீட்டில் சாமான்களைக் கணக்கெடுத்துக்கொண்டே அழாமல் தப்பித்துக்கொள்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. பாத்திரம் சாகிற இடத்தில் அறையின் சுவர்க் கடிகாரத்தை அரைப் பக்கம் வர்ணித்துவிட்டு, எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டதுண்டு.

மேலும், சரி என்று எதை வைத்துச் சொல்கிறேன்? 97 குண்டு என்பது ராணுவக் கையேட்டுக் கணக்கு. போர்க்களத்தில் சிப்பாய்கள் கையேட்டைப் பார்த்து அடுக்கவில்லை. குண்டு தீர்ந்துபோகும் பயம், எரிந்துபோகும் பயத்தைவிடப் பெரியது. இண்டு இடுக்கெல்லாம் அதிகப்படியான குண்டுகளைத் திணித்துக்கொண்டார்கள். தரையில் சும்மாவும் போட்டுக்கொண்டார்கள். ஆகவே கையேட்டின்படி சரியான என் டாங்கி, அந்த மனிதர்களின்படி தப்பு. அவர்கள் பயத்துக்கு எத்தனை குண்டு கூட வைப்பது? அதற்குக் கையேடு இல்லை.

சரி, அருங்காட்சியகத்தில் நிற்கும் நிஜ டாங்கியைப் பார்த்துச் செய்யலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் டார்செட் மாகாணத்தில் பாவிங்டன் என்ற இடத்தில் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. 1943 ஏப்ரலில் டுனீஷியாவில் பிடிபட்ட 131-ம் எண் டைகர் அங்கே இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. டைகர் செய்கிற எல்லாருக்கும் அதுதான் மூலவிக்கிரகம். ஆனால் இன்று அதற்குள் ஓடுகிற எஞ்சின், அது பிடிபட்டபோது இருந்த எஞ்சின் இல்லை, பிந்தின வகை. அந்த டாங்கியைப் பிடித்ததும் பிரிட்டிஷார் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை மாதிரிக்காரர்களுக்கு வேதம். அதிலும் ஆள் போய்விட்ட டாங்கிதான் இருக்கிறது.

நான் மேஜையில் பரப்பி வைத்திருந்த ஆதாரங்களை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புது டாங்கியின் உட்புறப் படங்கள்; கையேட்டுப் படங்கள்; அருங்காட்சியகப் படங்கள். ஒன்று, ஆட்கள் ஏறுவதற்கு முன்னால். மற்றது, ஆட்கள் இறங்கின பிறகு, அல்லது இறக்கப்பட்ட பிறகு. நடுவில் இருந்த காலம், மூடியை மூடிக்கொண்டு ஐந்து பேர் வேர்த்துக்கொண்டு, எண்ணெய்ப் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு, காலிக் குண்டுக் கூட்டில் மூத்திரம் பெய்துகொண்டு இருந்த காலம், அதற்குப் படம் இல்லை. நான் பதினோரு நாள் உழைத்துச் சரிசெய்த உட்புறம் சுத்தமாக, வெள்ளை வெளேரென்று, யாரும் குடிவராத புது வீடு மாதிரி இருந்தது. குண்டுகள் மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு வந்துவிட்டன.

பெட்டியில் ஓர் ஆள் கொடுத்திருந்தார்கள். தளபதி. மேல் மூடியிலிருந்து எட்டிப் பார்க்கிற பாவனை. இடுப்போடு சரி, கால் கிடையாது. உட்புறமில்லாத மாதிரிகளில் இது ஒரு பழைய வழக்கம். தெரியாத காலுக்கு எதற்குப் பிளாஸ்டிக்? ஆனால் உட்புறமுள்ள மாதிரியிலும் அதே ஆளைப் போட்டிருந்தார்கள். வளையத்தில் அவனை வைத்துவிட்டுக் கீழேயிருந்து பார்த்தேன். தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது, முதலுதவிப் பெட்டி இருந்தது, திருகெல்லாம் இருந்தது, நடுவில் அரை மனிதன் தொங்கினான். எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக வேறு ஒரு பெட்டியிலிருந்து முழு ஆள் ஒருவனை எடுத்துக்கொண்டேன். வழியோரம் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிற பாவனையில் செய்யப்பட்டவன். கையை வெட்டித் திருப்பி, தலையைக் குனியவைத்து, கூண்டின் இடப் பக்கத்தில், குண்டு திணிப்பவன் இருக்கையில் உட்காரவைத்தேன். அவன் அளவுக்குக் கொஞ்சம் பெரியவன், தோள் இடித்தது. தோளை ராவிக் குறைக்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரிய ஆட்களும் அந்த வேலை பார்த்திருப்பார்கள்.

கூண்டை ஒட்டவில்லை. அது எப்போதுமே சுழலும்படி வைப்பது. திருகித் தூக்கினால் கையோடு வந்துவிடும். ஆடிட்டர் இப்போதெல்லாம் வந்ததும் கேட்காமலே தூக்கிப் பார்க்கிறார். முதல் நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கூண்டைத் தலைகீழாகப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். பிறகு, “இந்தப் பையன் எந்த வழியாக சார் வெளியே வருவான்?” என்று கேட்டார்.

வலப் பக்கத்து மூடியைக் காட்டினேன்.

“இவன் இடப் பக்கம் அல்லவா இருக்கிறான்?”

பீரங்கிக்குப் பின்னால் புகுந்து வர வேண்டும் என்றேன். வழியைக் காட்டலாம் என்று இடுக்கியை எடுத்து, அவன் தோள் பக்கமிருந்து மெதுவாக நகர்த்தினேன். பீரங்கி பின்னுக்கு உதைக்கும்போது ஆளை இடிக்காமலிருக்க ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. நான்தான் அதைச் சரியான அளவில் வெட்டி வைத்திருந்தேன். இடுக்கி அதில் போய் நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தேன். ஆடிட்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பிடித்தார். கீழ்ப் பக்கமாக விட்டுப் பார்த்தேன்.

“அவசரப்படாதீர்கள் சார், தகடு உடைந்துவிடப் போகிறது” என்றார் அவர்.